குடலுக்கு ஓட்டு இல்லை

2025 செப்டம்பர் 22ஆம் தேதி விடிந்தபோது இந்த நாட்டில் பிஸ்கட்டின் பாரம் இறங்கியிருந்தது. 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 5 ஆகிவிட்டது. கேக்குக்கும் சாக்லேட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அதே யோகம். 12-ல் கிடந்த நூடுல்ஸும் பாக்கெட் மிக்சரும் கூடவே 5-க்கு வந்து சேர்ந்தன. தீபாவளிப் பரிசு என்றார்கள், சேமிப்புத் திருவிழா என்றார்கள். அதே அறிவிப்பில் மருந்துகளில் பெரும்பாலானவையும் 12-லிருந்து 5-க்கு இறங்கின. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரியே எடுபட்டுப் போயிற்று.

இத்தனை முழுமையான உணவுக் கொள்கையை வேறெந்த அரசு வகுத்திருக்கிறது? தின்பதற்கு 5. தின்றதால் வந்ததற்கு 5. வந்தது போகாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் பூஜ்யம். பிறந்தநாள் கேக்கிலிருந்து பெட் சார்ஜ் வரைக்கும் ஒரு குடிமகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார்கள். நாம்தான் நன்றி கெட்டவர்கள்.

குளிர்பானத்துக்கு மட்டும் 40 சதவீதம் போட்டார்கள். அதுவும் முன்பு 28-ம் செஸ் 12-ம் சேர்ந்து வந்த பழைய 40-தான். ஆக, எது கெடுதல் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு பாட்டிலோடு கணக்கை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பரிசு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வயிற்று டாக்டரின் வாசலில் போய் உட்காருங்கள். அங்கே ஃபேனுக்கு அடியில் இருக்கிற நாற்காலியை யாரும் சீந்த மாட்டார்கள். கழிப்பறைக் கதவை ஒட்டி இருக்கிற நாற்காலிக்குத்தான் போட்டி. உள்ளே நடப்பது வைத்தியம் என்றுதான் போர்டில் எழுதியிருக்கிறது. காதில் விழுவது விசாரணை.

"என்னம்மா சாப்பிட்டே?"

"வீட்டுச் சாப்பாடுதான் சார்."

"உண்மையச் சொல்லணும். ஓட்டல்? பரோட்டா?"

"எப்பவாச்சும் சார்..."

"அதானே பாத்தேன். காரம்? ஊறுகாய்?"

"கொஞ்சம் பிடிக்கும் சார்."

"காரத்த அடியோட விட்ரு. வயித்துக்கு லேசா பிரெட்டு, பன்னு, பிஸ்கட்டு எடுத்துக்கோ."

தீர்ப்பு ஆகிவிட்டது. குற்றவாளி பச்சை மிளகாய். எதிரே இருப்பது பத்தொன்பது வயசுப் பெண். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடுகிறாள், போகும்போதெல்லாம் ரத்தம். துணைக்கு வந்த அம்மா தலையைக் குனிந்துகொள்கிறாள், சாம்பாரில் மிளகாயைக் கிள்ளிப் போட்ட கை அவளுடையது அல்லவா. பன்னுக்குள் என்ன போட்டார்கள், அதைப் போட்ட கை யாருடையது என்ற கேள்வி அந்த அறைக்குள் எழுவதே இல்லை. அந்தக் கைக்குச் சம்மன் போகாது. போனாலும் வக்கீல்தான் வருவார்.

புண்ணில் மிளகாய் எரியும், வாஸ்தவம். எரிப்பது வேறு, புண்ணை உண்டாக்குவது வேறு. போர்த்துகீசியர் கொண்டுவந்து இறக்கி நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடல் புண்ணுக்கு மிளகாய்தான் மூலகாரணம் என்றால் குண்டூரில் இந்நேரம் ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது. டாக்டரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், அவர் படித்த புத்தகத்தில் அந்தப் பெண்ணின் நோய் "நம் நாட்டில் அரிது" என்ற ஒற்றை வரியில் முடிந்துபோயிருக்கும்.

அதன் பெயர் குடல் அழற்சி நோய், அதில் இரண்டு வகை. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் கசிவது அல்சரேட்டிவ் கோலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், சுவரின் முழுக் கனத்துக்கும் அழற்சி பிடிப்பது குரோன் நோய். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் இருவரும் எழுதிய கட்டுரையால் நிலைத்த பெயர் அது. வெகு காலம் குடல் அழற்சி நோய் வெள்ளைக்காரர்களின் வியாதியாகவே இருந்தது. இப்போது நமக்கும் வாய்த்திருக்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டில் 1990-ல் இந்தியாவில் சுமார் 1.3 லட்சம் பேருக்கு இருந்த குடல் அழற்சி நோய் 2019-ல் 2.7 லட்சம் பேருக்கு. வளர்ந்த நாடாக 2047 வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடல் முன்கூட்டியே வளர்ந்துவிட்டது.

நம்மூரில் இதில் இன்னொரு கூத்தும் உண்டு. குடல் காசநோயும் குரோனும் எண்டோஸ்கோப்பியில் ஒன்று போலவே தெரியும். அதனால் குரோன் நோயாளிகள் பலருக்கு முதலில் கிடைப்பது காசநோய் மாத்திரை. மாதக்கணக்கில் அதை விழுங்கி, ஒன்றும் ஆகாமல், எடை குறைந்து, பிறகுதான் சரியான பெயர் கிடைக்கும். அதுவரைக்கும் சொந்தக்காரர்கள் பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள்.

பரம்பரை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றால், முழுக்க முடியாது. மரபணுவுக்குப் பங்கு உண்டு. சம்பந்தப்பட்ட இடங்கள் இருநூறுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் மரபணு முப்பது வருஷத்தில் இரட்டிப்பாகாது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியக் குடும்பங்களில், அல்சரேட்டிவ் கோலைடிஸ் அங்குள்ள வெள்ளையர்களைவிடக் கூடுதலாகவே வருகிறது என்று 1990களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். ரத்தம் அதே ரத்தம். மாறியது தட்டும் சூழலும்.

சரி, தட்டிலிருந்து புண் வரைக்கும் பாதை எது?

பெருங்குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் கனம். அதற்கு அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, இந்தப் பக்கம் எதைக் கண்டாலும் அடிக்கத் தயாராக நிற்கும் நோயெதிர்ப்புச் செல்கள். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் காப்பது சளிப்படலம், இரண்டு அடுக்காக. வெளியடுக்கு தளர்வானது, பாக்டீரியா அங்கே இருந்துகொள்ளலாம். சுவரை ஒட்டிய உள்ளடுக்கு இறுக்கமானது. அங்கே அவற்றுக்கு இடமில்லை. கீரை, பயறு, வாழைப்பூ, கேழ்வரகு என்று நமக்குச் செரிக்காமல் கீழே இறங்கும் நார்தான் அந்தப் பாக்டீரியாவின் ஆகாரம். அதைத் தின்று அவை வெளிவிடும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தில்தான் சுவரின் செல்கள் பிழைக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அதிலிருந்துதான். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனுக்குச் சோறு போடுகிற விசித்திர ஏற்பாடு. லட்சக்கணக்கான வருஷமாக நடந்துவருகிறது.

நாரை நிறுத்தினால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரிக் மார்ட்டென்ஸும் சகாக்களும் எலிகளை வைத்துப் பார்த்து 2016-ல் 'செல்' இதழில் எழுதினார்கள். நாரில்லாத தீனி போட்ட எலிகளின் குடலில் பாக்டீரியா பட்டினி கிடக்கவில்லை. சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, பிறகு ஒரு நோய்க்கிருமி வந்தபோது சுவர் தாங்கவில்லை, அழற்சி மண்டியது. மைதா, சர்க்கரை, பாமாயில் என்ற மும்மூர்த்திகளை வேண்டிய மட்டும் வாய்க்குக் காட்டிவிட்டுக் கீழே ஒரு பருக்கைகூட அனுப்பாத சாப்பாட்டை நாம் "லைட்டான டிபன்" என்கிறோம்.

இல்லாமல் போனது நார். உள்ளே வந்தது வேறு. ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் எடுங்கள். முன்பக்கம் மாம்பழம் பால் குளத்தில் குதிக்கிறது. பின்பக்கத்தை உற்றுப் பார்த்தால் "ஃப்ரோசன் டெசர்ட்" என்றிருக்கும்: பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய். இன்னும் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டவர்களும் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும்: "எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர் - 471, 466, 412, 407". சில டப்பாக்களில் 433-ம் இருக்கும். லாட்டரி முடிவு போல் கிடக்கிற இந்த எண்களில் 466 என்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், 433 என்பது பாலிசார்பேட் 80. சாம்பாரில் கத்தரிக்காய் போட்டால் கத்தரிக்காய் என்று சொல்ல வேண்டும். இங்கே கைதிக்குப் போல நம்பர் போட்டால் போதும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைப்பது, ஐஸ்கிரீம் சொரசொரப்பில்லாமல் நாக்கில் வழுக்க வைப்பது, பிரெட்டை ஒரு வாரம் மெத்தென்று வைத்திருப்பது இவற்றின் வேலை. 2015-ல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெனுவா ஷசேன், ஆண்ட்ரூ கிவிர்ட்ஸ் குழுவினர் 466-ஐயும் 433-ஐயும் தனித்தனியாகத் தண்ணீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். சளிப்படலம் மெலிந்து பாக்டீரியா சுவரை நெருங்கியது. சாதாரண எலிகளுக்கு மெல்லிய அழற்சி, கூடவே உடல் பெருத்தது. நோய் வரும் வாகு உள்ள எலிகளுக்கு முழுக் கோலைடிஸ். 'நேச்சர்' இதழில் வந்தது.

கம்பெனிகள் தரப்பில் வாதம் தயாராக இருந்தது: எலிக்குத்தானே? அற்புதமான வாதம். எலிக்கு வந்தால் எலியின் குற்றம், வெள்ளைக்காரனுக்கு வந்தால் மரபணுவின் குற்றம், தமிழனுக்கு வந்தால் மிளகாயின் குற்றம். பாக்கெட் என்றைக்கும் நிரபராதி.

பிறகு மனிதர்களிடமும் பார்த்தார்கள். ஆரோக்கியமான 16 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஒன்பது பேருக்குக் கலப்பில்லாத சாப்பாடு, மீதி ஏழு பேருக்கு அதே சாப்பாட்டோடு தினமும் 15 கிராம் 466, மொத்தம் 11 நாள். அந்தச் சில நாளிலேயே 466 சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாவில் வகைகள் குறைந்தன, நல்ல கொழுப்பமிலங்கள் குறைந்தன. அவர்களில் இருவருக்கு, இருக்கக் கூடாத உள்ளடுக்குக்குள் பாக்டீரியா புகுந்திருந்தது. 2022-ல் இது வெளிவந்தது. 15 கிராம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் தின்பது 11 நாள் இல்லையே; பால்பல் முளைத்ததிலிருந்து.

அளவு அதிகம், ஆள் குறைவு என்பவர்களுக்கு 2021-ன் ப்யூர் ஆய்வு இருக்கிறது. இந்தியா உட்பட 21 நாடுகள், 1,16,087 பேர், சராசரியாகப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்காணிப்பு. தினம் ஐந்து பரிமாறலோ அதற்கு மேலோ ஆலைத் தின்பண்டம் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு 82 சதவீதம் கூடுதல். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கறி, பால், அரிசி போன்ற மாவுச்சத்து, காய்கறி, பருப்பு, இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தபோது அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. சமையலறை விடுதலை, ஆலை சந்தேகத்தில். இதனால் இது வந்தது என்று அடித்துச் சொல்ல இப்படிப்பட்ட ஆய்வால் முடியாது என்பதும் உண்மை. மிளகாய்க்கு எதிராக இதில் நூறில் ஒரு பங்கு சாட்சியம் இருந்திருந்தால் அதைத் தூக்கில் போட்டிருப்பார்கள்.

ஐந்து பரிமாறல் என்றால் ஏதோ பெருந்தீனிக்காரன் என்று நினைக்க வேண்டாம். காலை டீக்கு இரண்டு பிஸ்கட், எட்டு மணிக்கு ஜாம் தடவிய பிரெட், பிள்ளையின் ஸ்நாக்ஸ் டப்பாவில் கிரீம் பிஸ்கட், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள சிப்ஸ், சாயங்காலம் இரண்டு நிமிட நூடுல்ஸ். ராத்திரி சீரியல் தொடங்குவதற்குள் ஆறாவதும் வந்துவிடும். அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் "நாங்க வெளியில சாப்பிடறதே இல்ல" என்பார்கள். சத்தியமான வார்த்தை. வெளியே போகவில்லை, வெளி உள்ளே வந்துவிட்டது.

சாப்பாட்டை மாற்றினால் அழற்சி மாறுகிறதா என்றால், மாறுகிறது. குரோன் வந்த குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் கொடுக்காமல் சத்துப்பானம் மட்டும் கொடுத்தால் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்குகிறது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு முதல் வைத்தியமே அதுதான். அந்தப் பானமும் டப்பாவில் வருவதுதான், பலவற்றில் எமல்சிஃபையரும் உண்டு. அப்படியும் ஏன் வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் மண்டையைச் சொறிகிறார்கள். எல்லாம் ஒரே வில்லன் கதை இல்லை என்பதற்காகச் சொன்னேன். லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் குரோன் நோயாளிகளை எட்டு வாரம் எமல்சிஃபையர் குறைந்த சாப்பாட்டில் வைத்துப் பார்த்து 2025-ல் முடிவைச் சொன்னார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் குறைந்தது; வழக்கமான அளவில் எமல்சிஃபையர் கலந்த சாப்பாட்டில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. இங்கே அந்தப் பெண்ணின் கையில் மெசலமின் மாத்திரைச் சீட்டும் பன் சாப்பிடும் யோசனையும் இருக்கிறது. அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருகிறார்கள். தலைமாட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னால் அது அரசை அவமதிப்பது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அரசுப் பணத்தில் நடப்பது, 2024 மே மாதம் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான சாப்பாட்டால் வருகிறது என்று அச்சிட்டது. அதற்கு முந்தின ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இக்ரியர் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஆலைத் தின்பண்ட விற்பனை 2011-லிருந்து 2021 வரை ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று கணக்குக் கொடுத்தன. ஹைதராபாத் 56.4 என்றது. டெல்லி யோசித்து 5 என்றது.

எச்சரிக்கை முத்திரை கேட்டவர்களுக்கு நடந்த மரியாதையையும் சொல்ல வேண்டும். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலத்தின் முகத்தில் கருப்பு எண்கோணம் குத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வரைவு கொண்டுவந்தது. கருப்பு முத்திரை இல்லை. நட்சத்திரம்! அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை. பூஜ்யம் கிடையாது. எத்தனை கேடுகெட்ட சரக்கானாலும் நெற்றியில் அரை நட்சத்திரத்தோடுதான் கடைக்கு வரும். பரீட்சையே எழுதாத பையனுக்கும் ஆறுதல் பரிசு கொடுக்கிற தாராளம். கொஞ்சம் நார், கொஞ்சம் முந்திரி தூவினால் மதிப்பெண் ஏறும், சர்க்கரையின் பாவம் கழியும். 466-க்கும் 433-க்கும் அந்தக் கணக்கில் வேலையே இல்லை. (சிலியின் எண்கோணத்திலும் அவை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

வரைவுக்கு ஆட்சேபணைகள் குவிந்தன. குழு போட்டார்கள். 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பைத் தடித்த எழுத்தில் போடலாம் என்று ஒரு தீர்மானம். விஷயம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2025 ஏப்ரலில் மூன்று மாதத்தில் முடியுங்கள் என்றது நீதிமன்றம். மூன்று மாதம் ஆனதும் இன்னும் மூன்று மாதம் கேட்டார்கள், கிடைத்தது. ஒரு பொட்டலத்தில் மூன்று வார்த்தையைப் பெரிதாக அடிக்க இத்தனை வருஷம். வரியைக் குறைக்க எத்தனை நாள் ஆயிற்று? செப்டம்பர் 3-ல் கூட்டம், 22-ல் அமல். பத்தொன்பது நாள். இந்த அரசாங்கம் மெதுவானது என்று யார் சொன்னது?

பள்ளிக்கூடக் கதை இன்னும் ருசியானது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று பாருங்கள். பெட்டிக்கடையின் நெற்றியிலிருந்து ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும், ஆரஞ்சும் பச்சையுமாக. பிள்ளைகள் எட்டிப் பிய்க்கிற உயரத்தில்தான் கட்டியிருப்பார்கள். பிய்த்து, பல்லால் கிழித்து, மசாலாத் தூளை விரலில் தொட்டு நக்கி, காலிப் பாக்கெட்டைக் காம்பவுண்டுக்குள்ளேயே எறிவார்கள். கடைக்கும் வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரு சாக்கடை. அதைத் தாண்டி 50 மீட்டர் அளக்க டேப்போடு வந்த அதிகாரியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கடைக்காரரைப் பிடித்து அபராதம் போட்டால் மட்டும் என்ன? அவர் மகனும் அந்தச் சரத்தில்தான் கை வைக்கிறான். சரத்தைக் கட்டி அனுப்பியவர் கிரிக்கெட் வீரரோடு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் பாரம்பரியக் காவலர்கள். ஆலைக்காரன் பணம் வாங்கிக்கொண்டு கெடுக்கிறான். இவர்கள் அன்பினால் கெடுக்கிறார்கள். விஷயம் தெரிந்த அன்றே அத்தை வந்துவிடுவாள்.

"வாழத்தண்டுச் சாறு குடி கண்ணு. குடலக் கழுவி விட்டாப்ல ஆயிடும்."

"அத்தை, டாக்டர் நார் அதிகம் வேண்டாம்னு..."

"அவனுக்கு என்ன தெரியும்? உங்க தாத்தா எழுபது வயசுல கல்லத் தின்னு செரிச்சாரு."

தாத்தாவுக்குக் குரோன் இல்லை. குரோனில் புண் ஆறி ஆறித் தழும்பேறி, குடலின் வழி விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிப்போயிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வாழைத்தண்டு நார் போய் அந்த இடத்தில் அடைத்தால் நடு ராத்திரியில் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, ஆபரேஷன் தியேட்டரில்தான் விடியும். நார் நல்லது என்பது குடல் நன்றாக இருக்கிறவரை போடும் சட்டம். புண்ணாகிச் சுருங்கிய குடலுக்கு அதே சட்டம் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சொல்ல வாட்ஸ்அப்பில் இடம் போதாது.

நெய் கோஷ்டி ஒன்று இருக்கிறது. கரண்டி கரண்டியாக விட்டால் குடல் வழுவழுப்பாகும் என்பார்கள். 2012-ல் சிகாகோவில் சுசான் தேவ்கோட்டா, யூஜின் சாங் குழு, கோலைடிஸ் வரும் வாகு உள்ள எலிகளுக்குப் பால்கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது பித்தநீரின் சேர்மானம் மாறி, பைலோஃபைலா என்ற பாக்டீரியா பெருகி, கோலைடிஸ் கூடியது. இதுவும் எலிதான், நாம் ஒரு சொட்டு நெய்யை விலக்க வேண்டியதில்லை. ஆனால் எலி சாட்சியத்தை ஆலைக்கு எதிராக மட்டும் எடுத்துக்கொண்டு நெய்க்கு எதிராகத் தள்ளிவிட்டால் நாமும் கம்பெனி வக்கீல்தான்.

யூடியூப் வைத்தியரோ இன்னும் ஒரு படி மேல். "இங்கிலீஷ் மாத்திரையை இன்னைக்கே குப்பையில போடுங்க." மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல், ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அவருக்கு வேண்டியது சப்ஸ்க்ரைபர். வீடியோவின் நடுவே விளம்பரம் வரும். என்ன விளம்பரம் என்று நினைக்கிறீர்கள்? கிரீம் பிஸ்கட்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு நிதியில் ஆராய்ச்சி எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றில் என்ன நொதிக்கிறது, அது குடலில் போய் என்ன செய்கிறது என்று ஆள் வைத்து, அளந்து, எழுதிப் பார்ப்பதுதான் முறை. ஆனால் ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே "அமெரிக்காவே அதிர்ந்தது" என்று ஃபார்வர்டு கிளம்பிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள். முடிவு நல்லபடியாக வந்தால் அதே பழைய சோறு பிளாஸ்டிக் கப்பில் வரும். தண்ணீர் பிரியாமல் கெட்டியாக நிற்க 466 சேர்த்து, ஆறு மாதம் கெடாமல், பாட்டி படம் போட்டு, நெற்றியில் நாலு நட்சத்திரத்தோடு. வரி 5 சதவீதம்.

அந்தப் பத்தொன்பது வயசுப் பெண் காலேஜுக்குப் போக வேண்டும். ஒன்றேகால் மணி நேர பஸ். வழியில் இறங்கிப் போக இடம் எங்கெங்கே இருக்கிறது, எது பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது, எந்த பெட்ரோல் பங்கில் முறைக்காமல் சாவி தருவார்கள் என்ற வரைபடம் அவள் தலையில் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு ஏறுகிறாள், உள்ளே எதுவும் போகாமல் இருந்தால்தான் வெளியே போக வேண்டியிருக்காது என்று. கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. மூன்றாவது முறை சொன்ன அன்று அவர் கேட்டாராம்: "அப்படி என்னம்மா சாப்பிட்டே?"

அவரும் டாக்டர் கேட்டதைத்தான் கேட்டார். இந்த நாட்டில் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருக்கிறது, எல்லாரும் அவளிடம்தான் கேட்கிறார்கள். ஆணையத்தாரிடம் ஒரு விண்ணப்பம். எண்கோணம் வேண்டாம், நட்சத்திரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் பின்பக்கம், 466-க்குப் பக்கத்தில், அடுத்த கழிப்பறை எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் போடுங்கள். அதையாவது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். குழு போட்டு, மூன்று மூன்று மாதமாக வாய்தா வாங்கி, 2047-க்குள் முடித்தால் போதும், அவள் அடக்கிக்கொண்டிருப்பாள்.